என் பேரை நீக்கச் சொல்லி நான் எழுதிய மனு

நான் ஒரு குற்றவாளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் எங்கள் ஊரில் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். திண்டுக்கல் கோர்ட்டில் என்னைக் கூண்டில் ஏற்றி, விசாரித்து, தண்டனை கொடுத்து, ஆறு வருஷத்துக்கு ஓட்டுரிமையையும் பிடுங்கிக்கொண்டார்கள். நான் செய்த குற்றம் ஓட்டுப் போடப் போனது. சரியாகச் சொன்னால், ஒரே நாளில் இரண்டாவது தடவை போனது.

ஐம்பத்திரண்டில், நாட்டின் முதல் பொதுத் தேர்தலில் நடந்தது அது. எனக்கு இருபத்துநாலு வயது. தாடிக்கொம்பு பக்கத்தில் சின்ன ஊர். கொஞ்சம் மல்லி, கொஞ்சம் கனகாம்பரம், கிணற்றை ஒட்டிக் கத்தரியும் தக்காளியும் என்று எங்கள் வெள்ளாமை. வீட்டில் பெரியவர்கள் நாலு பேர்: என் வீட்டுக்காரர், அவருடைய அண்ணன், அண்ணன் பெண்சாதி, நான். அண்ணன் பெண்சாதி எனக்கு ஓர்ப்படியாள். கூப்பிடுவது அக்கா என்றுதான். என்னைவிட ஆறு வயது மூத்தவள். அவளுக்கு எழுதப் படிக்க வராது. ஆனால் அவள் பேச ஆரம்பித்தால் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

நான் திண்டுக்கல்லில் சித்தி வீட்டில் தங்கி எட்டாவது வரை படித்தவள். அதனால் வீட்டுக்கு வருகிற எல்லாக் காகிதமும் என் கைக்குத்தான் வரும். தீர்வை ரசீது, கடுதாசி, மருந்து பாட்டிலில் ஒட்டியிருக்கும் சீட்டு, எல்லாம் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். எந்தக் காகிதமானாலும் எனக்குத் தெரியும் என்ற திமிர் அப்படி வந்ததுதான்.

தேர்தலுக்குப் பத்து நாள் முன்னால் அக்கா மூன்றாவது பிரசவத்துக்குச் சாணார்பட்டிப் பக்கம் தாய் வீட்டுக்குக் கிளம்பினாள். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு என்னைக் கூப்பிட்டு, "என் ஓட்டு வீணாப் போயிரப் போகுது, செத்த பாத்துக்க" என்றாள். வீட்டில் கட்டியிருக்கும் ஆட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது போலத்தான் சொன்னாள். நானும் சரிக்கா என்றேன்.

அந்தக் காலத்தில் அரிசிக்கும் சீமெண்ணெய்க்கும் கார்டு இருந்தது. வீட்டுக்கு ஒருத்தர் கார்டை எடுத்துக்கொண்டு போய் எல்லாருக்குமாக வாங்கி வருவோம். ஓட்டும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன் என்று கோர்ட்டில் சொன்னேன். இத்தனை வருஷம் கழித்து உண்மையை ஒப்புக்கொண்டால், பாதிதான் அப்படி நினைத்தேன். முழுசாக அப்படி நினைத்திருந்தால், காலையில் விரலில் வைத்த மையை எலுமிச்சம்பழமும் அடுப்புச் சாம்பலும் போட்டு ஏன் தேய்க்கப் போகிறேன்? தேய்த்தும் போகாத மிச்சத்தின் மேல் மஞ்சளை ஏன் பூசப் போகிறேன்? பச்சைச் சேலையை அவிழ்த்துவிட்டு அக்காவுடைய அரக்குச் சேலையை எடுத்துக் கட்டியது எதற்காக?  அவள் ஓட்டை அவள் சேலையில் போய்ப் போடுவதுதான் மரியாதை என்று தோன்றியது போலிருக்கிறது.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் ஓட்டுச்சாவடி. அப்போதெல்லாம் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி. பெட்டியில் அவரவர் சின்னம் ஒட்டியிருக்கும். மறைப்புக்குப் பின்னால் போய், பிடித்தவர் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். காலையில் என் ஓட்டை ஒரு தடங்கலும் இல்லாமல் போட்டிருந்தேன். மத்தியானம் வெயிலில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். வாசலில் இருந்த அதிகாரி வெளியூர்க்காரர். பேர் கேட்டார். அக்கா பேரைச் சொன்னேன். அவரும் பட்டியலில் தேடிக் கோடு போட்டார். அதோடு முடிந்திருக்க வேண்டியது.

சுவர் ஓரத்து பெஞ்சில் கட்சி ஏஜெண்டுகள் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் என் தாய்மாமா. என் அம்மாவுக்கு நேர் தம்பி. எங்கள் ஊரிலேயே குடியிருந்துகொண்டு திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்தார். பூ நிறுக்கும்போது தராசு முள் அசையாமல் நிற்கும் வரைக்கும் மூச்சுவிட மாட்டார், யாரையும் விடவும் விடமாட்டார். எங்கள் வீட்டில் எல்லாரும் ஒரு கட்சி என்றால் அவர் அடுத்த கட்சி. காலையில் அவருக்குப் பதிலாக வேறொரு ஆள் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் இவர் இருப்பார் என்று நான் கணக்குப் போடவில்லை.

மாமா பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, "அம்மா, நீங்க யாரு?" என்றார்.

என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தாடிக்கொம்பு தேருக்குப் போனவர். பிறந்ததிலிருந்து அவர் வாயில் 'ஏத்தா' என்பதைத் தவிர எனக்கு வேறு பேர் கிடையாது. அவர் 'நீங்க' என்றதுமே என்னைக் கண்டுபிடித்துவிட்டார் என்று தெரிந்துவிட்டது. அப்போதாவது திரும்பிப் போயிருக்கலாம். நான் மறுபடியும் அக்கா பேரைச் சொன்னேன். மாமா இடுப்பிலிருந்து பணத்தை எடுத்து அதிகாரி மேஜையில் ஆட்சேபணைக்கான கட்டணமாக வைத்துவிட்டு, ஒரு தாளில் புகார் எழுதினார்.   இந்தப் பெண் யார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அதிகாரி கேட்டதற்கு, "என் அக்கா மக" என்றார். சொல்லிவிட்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

அதிகாரி என்னைப் போலீஸில் ஒப்படைத்தார். கேஸ் நடந்து தீர்ப்பு வர ஐந்து மாசம் ஆனது. எங்கள் வக்கீல் சின்னப் பையன். எனக்குப் பதில் அவருக்குத்தான் வியர்த்தது. "ஒண்ணும் தெரியாத கிராமத்துப் பொம்பளை, எழுத்து வாசனையே இல்லாதவங்க"ன்னு சொல்லிருவோம், தலையைக் குனிஞ்சுட்டு மட்டும் நில்லுங்க என்று சொல்லி வைத்தார். நானும் குனிந்துகொண்டே நின்றேன். வாக்குமூலம் எழுதி முடித்ததும் குமாஸ்தா ஒரு கையில் தாளும் ஒரு கையில் ரேகை வைக்கிற மைப் பெட்டியுமாக வந்தார். எட்டாவது வரை படித்தவளிடம் கைநாட்டு கேட்டால் எப்படி இருக்கும்? மைப் பெட்டியைத் தள்ளிவிட்டு, அவர் காதில் செருகியிருந்த பேனாவை வாங்கி, கீழே ஒரு கோடு இழுத்து, இரண்டு புள்ளியும் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். மாஜிஸ்திரேட் அந்தத் தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

அபராதமும், கோர்ட்டு கலைகிற வரைக்கும் காவலும் தண்டனை. அதாவது சாயங்காலம் வரை அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். பக்கத்து பெஞ்சில் வடமதுரைக்காரர் ஒருவர், கள்ளச்சாராயக் கேஸ். நீ என்னம்மா செஞ்ச என்று விசாரித்தார். ஓட்டுப் போடப் போனேன் என்றேன். அதைக் கேட்டு அவர், "நல்லவேளை, நான் அந்தப் பக்கமே போகலை" என்றார்.

புறப்படும்போதுதான் குமாஸ்தா சொன்னார்: இன்றையிலிருந்து ஆறு வருஷத்துக்கு உங்களுக்கு எந்தத் தேர்தலிலும் ஓட்டுக் கிடையாது, பட்டியலில் இருந்து பேரை எடுத்துவிடுவார்கள். எனக்கு அது உறைக்கவே இல்லை. போனால் போகட்டும், அதனால்தானே இவ்வளவு வம்பு என்று நினைத்தேன். வீட்டுக்காரர் பஸ்ஸில் வழி நெடுக ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அழுகிறார் என்று நினைத்தேன். ஊர் வந்து இறங்கியபோதுதான் தெரிந்தது, அந்த மைப் பெட்டியை நான் தள்ளிவிட்டதை நினைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

அன்றிலிருந்து மாமாவோடு பேச்சில்லை. பூவை வேறு கடைக்குப் போட்டோம். கல்யாண வீடுகளில் அவர் ஒரு பந்தியில் உட்கார்ந்தால் நான் அடுத்த பந்திக்குக் காத்திருப்பேன். அக்கா மட்டும் ஆண் குழந்தையோடு திரும்பி வந்து, நடந்ததைக் கேட்டு, பாத்துக்கன்னா பத்திரமா வச்சிருன்னு அர்த்தம், போய்ப் போட்டுட்டு வான்னா சொன்னேன் என்று ஒரு நாள் முழுக்கப் பேசினாள். பிறகு அவளே மறந்துவிட்டாள்.

நானும் மறந்துதான் இருந்தேன், ஐம்பத்தேழு தேர்தல் வரும் வரை.

கட்சிக்காரர்கள் வீடு வீடாகச் சீட்டுக் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். பட்டியலில் இருக்கிற ஆளின் பேரும் நம்பரும் எழுதிய துண்டுச் சீட்டு. எங்கள் வீட்டுக்கு மூன்று சீட்டு என்றார்கள். சரி, என் பேர் போக மிச்சம் மூன்று பேர், கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது என்று கை நீட்டி வாங்கினேன். ஒன்று என் வீட்டுக்காரர் பேர். இன்னொன்று அவர் அண்ணன் பேர். மூன்றாவது என் பேர்.

திருப்பித் திருப்பிப் படித்தேன். என் பேர்தான், என் வயதுதான், வீட்டுக்காரர் பேரும் சரியாக இருந்தது. அக்காவுக்கு எங்கே என்று கேட்டதற்கு, அந்தப் பேரே லிஸ்டில் இல்லையம்மா என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். வாளியை அப்படியே வைத்துவிட்டு நேராகக் கணக்குப்பிள்ளை வீட்டுக்குப் போனாள். பின்னாலேயே நானும் ஓடினேன். கணக்குப்பிள்ளை பட்டியலை விரித்துக் காட்டினார். அக்கா பேர் இருந்த இடத்தில் சிவப்பு மையில் ஒரு நேர்க்கோடு. ஆள்மாறாட்டக் குற்றத்துக்காகப் பேரை எடுத்ததாக மேலிருந்து எழுதி வந்திருக்கிறது என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

நடந்தது பிறகுதான் விளங்கியது. அன்றைக்குச் சாவடியில் நான் சொன்ன பேர் அக்கா பேர். மாமா புகாரில் அந்தப் பேர் இருந்தது, போலீஸ் காகிதத்திலும் இருந்தது. என் பேரும் பக்கத்திலேயே இருக்கத்தான் செய்தது. ஆனால் பட்டியல் எழுதுகிற யாரோ ஒருவர், எந்த ஆபீசில் எந்த மேஜை என்று நான் சொல்லப்போவதில்லை, இரண்டு பேரில் எது குற்றவாளி என்று பார்க்க நேரமில்லாமல் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துவிட்டார். சாணார்பட்டியில் பாயில் கிடந்து பிள்ளை பெற்றவளுக்கு ஓட்டு இல்லை. திண்டுக்கல்லில் தண்டனை வாங்கியவளுக்குச் சீட்டு வீடு தேடி வருகிறது.

"போன தடவையும் என் ஓட்டை நீதான் தின்ன. இந்தத் தடவையும் நீதான் தின்ன" என்றாள் அக்கா. அதற்கப்புறம் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. வீடே வேறு யார் வீடோ போலிருந்தது. சோற்றை வைப்பாள், வெஞ்சனத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் நகர்த்துவாள், வாயைத் திறக்க மாட்டாள்.

எனக்கு ஓட்டு இல்லை என்பது எனக்குத் தெரியும். பட்டியலில் பேர் இருந்தாலும் போடக் கூடாது, போட்டால் மறுபடியும் குற்றம். ஆனாலும் அந்தச் சீட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டு, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஊர் முழுக்க யாருக்குப் போடுவது என்று அடித்துக்கொள்கிறார்கள். கிணற்றடியில், பூப் பறிக்கிற இடத்தில், எங்கே போனாலும் அதே பேச்சு. நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், உனக்கென்னத்தா, நீதான் விட்டுட்டியே என்பார்கள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் போனால் போகட்டும் என்றது இதைத்தானா என்று இருந்தது.

தேர்தல் அன்றைக்குக் காலையில் பூவைக் கட்டி அனுப்பிவிட்டு வந்து முகம் கழுவினேன். கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் சீட்டு இல்லை. அக்காவும் வீட்டில் இல்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் பச்சைச் சேலையும் இல்லை.

வரப்பில் இறங்கி ஓடினேன். பள்ளிக்கூட வாசலில் பெண்கள் வரிசை. என் சேலையைக் கட்டிக்கொண்டு அக்கா ஏழாவதாக நிற்கிறாள். கையில் என் சீட்டு. பக்கத்தில் போய், வாக்கா வீட்டுக்கு என்று மெதுவாகக் கூப்பிட்டேன். அவள் திரும்பியே பார்க்கவில்லை. "நான் என் ஓட்டத்தான் போடப் போறேன். பேருதான் உன்னுது" என்றாள்.

மூன்று நாளுக்கப்புறம் பேசிய முதல் பேச்சு. இதைத்தான் அன்றைக்கு நானும் நினைத்தேன், அதற்குத்தான் பெஞ்சில் உட்கார வைத்தார்கள் என்று எடுத்துச் சொன்னேன். பிடித்தால் ஆறு வருஷத்துக்கு ஓட்டுப் போய்விடும் என்றேன். எனக்குத்தான் ஏற்கெனவே போயிருச்சே, இனிமே போறதுக்கு என்ன இருக்கு என்றாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அதற்குள் வரிசை நகர்ந்து அவள் நாலாவதாக ஆகிவிட்டாள். முன்னாலும் பின்னாலும் நின்ற பெண்கள் எங்களை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தேன். ஏஜெண்டு பெஞ்சில் அதே இடத்தில் மாமா உட்கார்ந்திருந்தார். மடியில் பட்டியல். முடி நரைத்திருந்தது. அவரை ஐந்து வருஷமாக நேராகப் பார்க்காததால் அது எனக்குத் தெரியவில்லை. இவள் உள்ளே போனால் அவர் விடமாட்டார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மாமா" என்றேன்.

அவர் சட்டென்று எழுந்து வந்துவிட்டார். செருப்பைக்கூட மாட்டவில்லை. வந்து என்னைப் பார்த்தார், வரிசையில் என் சேலையைப் பார்த்தார், புரிந்துகொண்டார். சிவப்புக் கோட்டு விஷயத்தை நான் சொன்னேன். கேட்டதும் அவர் முகம் விழுந்துவிட்டது. அன்றைக்குப் புகாரில் முதலில் உன் ஓர்ப்படியா பேரை எழுதினது நான்தான், உன் பேரை முதலில் எழுதக் கை வரலை என்றார்.

அதற்குள் அக்கா வரிசையில் நின்றபடியே அவரிடம் சொன்னாள்: "அண்ணே, நீங்க ஒண்ணும் பேசாதீங்க. நான் உங்க ஆளுக்குத்தான் போடப் போறேன். போன தடவையும் உங்க ஆளுக்குத்தான் போடுறதா இருந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐம்பத்திரண்டில் நான் அக்கா ஓட்டைப் போடப் போனது எங்கள் வீட்டுக் கட்சியின் பெட்டியில். மாமா மட்டும் தடுக்காமல் இருந்திருந்தால், அவள் ஓட்டை அவளுக்குப் பிடிக்காத ஆளுக்குப் போட்டுவிட்டு நல்ல காரியம் செய்ததாக வீட்டுக்கு வந்திருப்பேன். வாயைத் திறந்து யாருக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

மாமாவுக்கும் சங்கடம்தான். தன் கட்சிக்கு விழப்போகிற ஓட்டு. அந்தத் தேர்தலில் ஒவ்வொரு ஓட்டுக்கும் அவர்கள் ஆலாய்ப் பறந்துகொண்டிருந்தார்கள்.  ஆனாலும் அக்காவிடம் தணிந்த குரலில் சொன்னார்: "வரிசையில நிக்கிறது குத்தமில்ல தாயி. உள்ள வந்து பேரைச் சொன்னீங்கன்னா எனக்கு வேற வழி இல்ல. வேண்டாம். உங்க பேரை உங்களுக்கே நான் வாங்கித் தாரேன்."

அக்கா இரண்டாவதாக நின்றாள்.  கடைசியில் சீட்டை என் கையில் திணித்துவிட்டு வரிசையை விட்டு வெளியே வந்தாள். வீட்டுக்கு நடக்கும்போது, ஆனாலும் உன் சேலை எனக்கு நல்லாத்தான் இருக்கு என்றாள். சமாதானமாகிவிட்டாள் என்று தெரிந்தது.

அடுத்த வாரம் மாமா, அக்கா, நான் மூன்று பேரும் பஸ் ஏறி, ஓட்டர் பட்டியல் எழுதுகிற அந்த ஆபீசுக்குப் போனோம். மேஜையில் இருந்த குமாஸ்தா பொறுமையானவர். என்ன வேண்டும் என்று கேட்டார். இவங்க பேரைச் சேர்க்கணும், என் பேரை எடுக்கணும் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார். "சேக்கறதுக்கு ஃபாரம் இருக்கு. செத்தவங்களை எடுக்கறதுக்கு வழி இருக்கு. நேர்ல வந்து நின்னுக்கிட்டு என்னை எடுங்கன்னு கேக்கறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்லம்மா" என்றார்.

என் பேர் பட்டியலில் இருந்தால் என்ன, நான் ஓட்டுப் போடாமல் இருந்தால் போதாதா என்று அவரே கேட்டார். போதாது என்று நான் சொன்னேன். தப்பான ஆளுக்கு விழுந்த கோட்டை எடுத்தால், சரியான ஆளுக்கு அதைப் போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு ஆறு வருஷம் முடியும்போது, நான் எப்போது இழந்தேன், எப்போது திரும்ப வாங்கினேன் என்று யாருக்குத் தெரியும்? இழந்ததற்கே காகிதம் இல்லாவிட்டால் கிடைத்ததற்கு என்ன காகிதம் காட்டுவேன்? இப்படிப் பேசியபோது நான் கொஞ்சம் அதிகப்படியாகத்தான் பேசுகிறேன் என்று எனக்கே தோன்றியது. மாமா மட்டும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

குமாஸ்தா ஒரு வழி சொன்னார். தகுதியில்லாத ஆள் பேர் பட்டியலில் இருக்கிறது என்று அதே ஊர்க்காரர் யாராவது ஆட்சேபணை மனு கொடுக்கலாம். மாமா கொடுக்கிறேன் என்றார். அக்கா விடவில்லை. பாதிக்கப்பட்டது நான், என் பேரிலும் ஒரு மனு போகணும் என்றாள். அவளுக்குத்தான் எழுத வராதே. அதனால் ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்ல, அவள் பேரைச் சேர்க்க ஒன்று, என் பேரை எடுக்க ஒன்று என்று இரண்டு மனுவையும் நான் எழுதினேன். மேற்படி பெண் ஆள்மாறாட்டம் செய்து தண்டனை அடைந்தவள், ஓட்டளிக்கும் தகுதி அற்றவள், அவள் பேரைப் பட்டியலில் வைத்திருப்பது நியாயமல்ல. என்னைப் பற்றி நானே எழுதினேன். கையெழுத்து மணி மணியாக வந்திருந்தது. நல்லா நாலு வார்த்தை காட்டமா எழுது என்று அக்கா பக்கத்தில் இருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பேராசைக்காரி என்று ஒரு வார்த்தை போடச் சொன்னாள். அதை மட்டும் நான் எழுதவில்லை.

தீர்ப்பு நகல் வேண்டும் என்றார்கள். கோர்ட்டில் மனுப் போட்டு வாங்கினோம். ஐந்து வருஷம் கழித்து அப்போதுதான் தீர்ப்பை முழுசாகப் படித்தேன். இங்கிலீஷில் இருந்தது. வக்கீல் குமாஸ்தா ஒருவர் தமிழில் சொல்லி உதவினார். 'எதிரி கல்வியறிவும் சாமர்த்தியமும் உள்ள பெண்மணி' என்று ஒரு வரி. கோர்ட்டு பாஷையில் எதிரி என்றால் நான்தான். எங்கள் வம்சத்தில் யாருக்கும் சர்க்கார் முத்திரையோடு அப்படி எழுதிக் கொடுத்ததில்லை. வீட்டுக்காரரிடம் அந்த வரியை இரண்டு தடவை படித்துக் காட்டினேன். அடுத்த வரியையும் படி என்றார். அடுத்த வரியில்தான் தண்டனை.

விசாரணை நாளில் அதிகாரி என்னைப் பார்த்து, உங்கள் பேரில் இந்த அம்மாள் ஆட்சேபணை கொடுத்திருக்கிறார், உங்கள் பதில் என்ன என்று கேட்டார். எல்லாம் உண்மைதாங்கய்யா என்றேன். மனுவைத் திருப்பிப் பார்த்தார். இது யார் எழுதியது என்றார். நான்தான் என்றேன். அதிகாரி அக்காவைப் பார்த்தார். அக்கா, எனக்கு அவளை விட்டா எழுதித் தர யாரு இருக்கா என்றாள்.  பிறகு அவர் உத்தரவு எழுதினார். சிவப்புக் கோடு அக்கா பேரை விட்டு இறங்கி என் பேருக்கு வந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது மாமா எங்களுக்கு வடையும் டீயும் வாங்கிக் கொடுத்தார். நாளையிலிருந்து பூவை நம்ம கடைக்கே போடுத்தா என்றார். அவ்வளவுதான். மன்னிப்பு என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் ஊரிலேயே ஓட்டு இல்லாத பொம்பளை நான் ஒருத்தி. முன்பு போல உறைக்காமல் இல்லை. ஆனால் கெடு எப்போது முடியும் என்று எனக்குத் தெரியும். தீர்ப்பு நகலில் தேதி இருந்தது. ஐம்பத்தெட்டில் அந்தத் தேதி தாண்டிய மறுநாளே அதே மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். குமாஸ்தா என்னைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். போன வருஷம் எடுங்கன்னு வந்தீங்க, இப்ப என்னம்மா என்றார். சேருங்க என்றேன். அதுக்கு ஃபாரம் இருக்கு என்று சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தார்.

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. ஒரு தடவை ஃபாரம் காணாமல் போனது. ஒரு தடவை தண்டனை பெற்றவர் என்று திருப்பி அனுப்பினார்கள். ஆறு வருஷம் முடிந்துவிட்டது என்று நகலை இணைத்துத் திரும்பவும் அனுப்பினேன். புதுப் பட்டியலைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டிய அன்றைக்குக் கனகாம்பரம் பறித்த கையோடு ஓடினேன். விரலால் தடவிக்கொண்டே வந்தேன். வீட்டுக்காரருடைய அண்ணன், அதற்குக் கீழே அக்கா, அதற்குக் கீழே வீட்டுக்காரர், அதற்குக் கீழே நான். என் வயதை ஐம்பத்திரண்டு என்று போட்டிருந்தார்கள். இருபது வயதுக்கு மேல் கூடுதல். அதைத் திருத்த இன்னொரு மனு எழுதலாம்தான். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அந்த மேஜைக்கு மறுபடியும் போக எனக்குத் தைரியம் இல்லை. அங்கே நின்றபடியே என் பேரை நாலைந்து தடவை படித்தேன். படிக்கத் தெரியாதவள் எழுத்துக்கூட்டிப் படிப்பது போல, ஒவ்வொரு எழுத்தாக. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் ஆடு மேய்க்கிறவர் ஒருவர் நின்றிருந்தார். யாரும் செத்துட்டாங்களா என்று கேட்டார்.

அறுபத்திரண்டில் தேர்தல் வந்தது. அக்காவும் நானும் சேர்ந்தே போனோம், அவரவர் சேலையில். உள்ளே போனதும் அதிகாரி பேர் கேட்டார். என் பேரைச் சொன்னேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பெஞ்சில் மாமா பட்டியலில் விரலை வைத்து ஐம்பத்திரண்டு வயசு என்று இருக்கிறதே என்று படித்தார்.  அவர் என்னைப் பார்த்தார். "ஆளு சரிதான். வயசுதான் தப்பு" என்று அதிகாரியிடம் சொன்னார்.

விரலில் மை வைத்தார்கள், சீட்டைக் கொடுத்தார்கள். கையில் ஏதோ ஒரு ரப்பர் முத்திரையையும் கொடுத்தார்கள். மறைப்புக்குப் பின்னால் போனேன். பெட்டிகளைக் காணோம். ஒரு மேஜை மட்டும் இருக்கிறது. மேஜைக்குக் கீழேயும் குனிந்து பார்த்தேன். அங்கேயும் இல்லை. பத்து வருஷம் கழித்து வந்திருக்கிறேன், பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களா என்று வெளியே தலையை நீட்டிக் கேட்டேன். அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார். சட்டம் மாறிவிட்டதாம். இப்போது எல்லாச் சின்னமும் ஒரே சீட்டில் அச்சடித்திருக்கும், பிடித்ததற்குப் பக்கத்தில் முத்திரை குத்தி, மடித்து, வெளியே இருக்கிற ஒரே பெட்டியில் போட வேண்டும். எட்டாவது படித்தவளுக்கு இது தெரியவில்லை. எனக்கு முன்னால் போன அக்கா ஒரு சந்தேகமும் கேட்காமல் குத்திவிட்டு வந்து வாசலில் நின்று, என்னத்தா அம்புட்டு நேரம் என்று கேட்கிறாள்.

முத்திரையை அழுத்திக் குத்தினேன். மை கொஞ்சம் அதிகம்தான். மடித்தால் பக்கத்துச் சின்னத்தில் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்து, வாயால் ஊதி ஊதிக் காயவைத்து, பிறகு மடித்து எடுத்து வந்து போட்டேன்.

முடிவு வந்தபோது எங்கள் ஆள் தோற்றுப்போனார். ஐம்பத்தேழில் முடிவு சொன்னபோது யார் ஜெயித்தால் என்ன என்று மல்லிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவள் நான். இந்தத் தடவை அடுப்பே மூட்டவில்லை. மாமா தெருவழியாகப் போனார். சும்மா போயிருக்கலாம். சிரித்துக்கொண்டே போனார். நான் வாசலுக்கு வந்து, என்ன மாமா, ஜெயிச்சுட்டா தெருவே உங்களுதா என்று கேட்டேன். அவர் நின்றார். உங்க ஆளு ஊருக்கு ஒரு நல்லதும் செய்யலை, அதான் தோத்தாரு என்றார். உங்க ஆளு என்ன செஞ்சு கிழிக்கப் போறார்னு பாக்கத்தானே போறேன் என்றேன். சத்தம் கேட்டு அக்கா வந்து மாமா பக்கம் சேர்ந்துகொண்டாள். என் வீட்டுக்காரர் என் பக்கம் வந்தார். சாயங்கால வெளிச்சம் போகிற வரைக்கும் நாலு பேரும் தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்தோம்.